ஆமிக்குப் போகாமல் பாதுகாப்பு ஆலோசகர் ஆகலாமா?

ஒட்டுசுட்டானில் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள்: "ஐயா, அரசாங்கத்துக்குத் தேசிய பாதுகாப்பு ஆலோசகராக வர என்ன படிக்க வேண்டும்? ஆமிக்குப் போகாமல் அந்த இடத்துக்குப் போக முடியுமா? வன்னியில் பிறந்த ஒருவரை அங்கே எடுப்பார்களா?"

பிள்ளை, இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். போகலாம். பக்கத்தில் இந்தியாவை எடுத்துப் பார். 1998 நவம்பரில் அங்கே தேசிய பாதுகாப்பு ஆலோசகர் பதவியை உருவாக்கினார்கள். பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். டிக்சித், எம்.கே. நாராயணன், சிவ்சங்கர் மேனன், அஜித் தோவல் என்று அதில் அமர்ந்தவர்களில் ஒருவர்கூட இராணுவ அதிகாரி இல்லை. மிஸ்ரா, டிக்சித், மேனன் மூவரும் வெளிநாட்டுச் சேவைக்காரர்கள். நாராயணனும் தோவலும் பொலிஸ் சேவையில் சேர்ந்து புலனாய்வுப் பணியகத்தில் வளர்ந்தவர்கள். டிக்சித்தை உன் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தக் காலத்தில் கொழும்பில் இந்தியத் தூதுவராக இருந்தவர் அவர்தான்.

அமெரிக்காவில் இருவகையும் உண்டு. ஸ்கோகுரொஃப்ட், கொலின் பவல் போன்றவர்கள் படையில் இருந்து வந்தார்கள். கிசிஞ்சர், பிரெஸின்ஸ்கி, கொண்டலீசா ரைஸ் மூவரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள். ரைஸைப் பற்றி நீ கட்டாயம் அறிய வேண்டும். கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரின் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாதிருந்த பேர்மிங்ஹாம் நகரத்தில் 1954-ல் பிறந்தவர். சோவியத் ஒன்றியத்தைப் பற்றி ஆழமாகப் படித்தார், ரஷ்ய மொழி படித்தார், 2001-ல் ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். பிறகு அவர் ஆதரித்த ஈராக் போரை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் உள்ளே போன வாசல் என்னவென்று நீ பார்க்க வேண்டும். ஒரு விஷயத்தை அந்த நாட்டிலேயே நன்றாகத் தெரிந்த சிலரில் ஒருவராக அவர் இருந்தார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அந்தப் பெயரில் காலங்காலமாகத் தொடர்ந்து வரும் ஓர் அலுவலகம் இல்லை. அரசியலமைப்பின்படி முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. தேசிய பாதுகாப்புச் சபைக்கும் அவரே தலைமை தாங்குகிறார். பாதுகாப்புச் செயலாளரை நியமிப்பதும் அவரே. 2009-ன் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற பதவி சட்டபூர்வமானது. புலனாய்வுத் துறைகளுக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அப்பால் ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்வதா, யாரை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அந்தந்த ஜனாதிபதியின் விருப்பம். ஜே.ஆர். தன் மகன் ரவி ஜயவர்தனவை வைத்துக்கொண்டார். ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது சாகல ரத்னாயக்க அந்த வேலையைப் பார்த்தார், அவர் ஒரு அரசியல்வாதி. ஆக, பரீட்சை எழுதிப் பிடிக்கும் பதவி அல்ல இது. ஜனாதிபதி மாறினால் ஆலோசகரும் வீட்டுக்குப் போவார்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் இந்தத் தொழில் என்று நினைக்காதே. அவருடைய மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளையும் யாரோ ஒரு அதிகாரி எழுதியிருப்பார். வெளிவிவகார அமைச்சில், பாதுகாப்பு அமைச்சில், சட்டமா அதிபர் திணைக்களத்தில், துறைமுக அதிகார சபையில், ஆய்வு நிறுவனங்களில் அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீ போகக்கூடிய இடம் அங்கே தொடங்குகிறது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2022-ல் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர அனுமதி கேட்டது. ஏவுகணைகளையும் செயற்கைக்கோள்களையும் கண்காணிக்கக்கூடிய கப்பல் என்று இந்தியா கவலைப்பட்டது. நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற நேரம் அது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் இந்தியாவின் கடனுதவி வேண்டும். கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் சம்மதம் வேண்டும். துறைமுகம் 2017-ல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்குப் போய்விட்டது. இந்த இடத்தில் ஆலோசகர் என்ன செய்ய வேண்டும்? கடற்படையிடம் கேட்க வேண்டும், வெளிவிவகார அமைச்சிடம் கேட்க வேண்டும், திறைசேரியிடம் கேட்க வேண்டும், குத்தகை ஒப்பந்தத்தைச் சட்ட அதிகாரியோடு இருந்து வாசிக்க வேண்டும். அப்புறம் இரண்டு பக்கத்தில், விட்டால் என்ன நடக்கும், மறுத்தால் என்ன நடக்கும், பின்போட்டால் என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நடந்தது வேறு. முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு வரவைப் பின்போடும்படி கேட்டார்கள், பிறகு மறுபடி அனுமதித்தார்கள். ஆகஸ்ட் 16-ல் கப்பல் வந்தது. இரண்டு பக்கத்திலும் மனக்கசப்பு. கடைசியில் 2024-ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடம் தடை போட வேண்டி வந்தது. முதலிலேயே ஒரு பொது விதி எழுதி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கேட்பவருக்குப் பிடிக்காத உண்மையை, சரியான நேரத்தில், எழுத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் இந்தத் தொழில். ஆயுதங்களின் பெயர் தெரிவதும் வரைபடம் வாசிப்பதும் அதற்குப் பிறகுதான்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் படி. ஏப்ரல் 4-லேயே வெளிநாட்டுப் புலனாய்விடமிருந்து எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 21 வரை இரண்டு வாரத்துக்கு மேல் கையில் இருந்தது. கடிதங்கள் மேசைக்கு மேசை போயின. தேவாலயங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2018 ஒக்டோபரில் ஜனாதிபதி பிரதமரை நீக்கியதால் வந்த அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாமல் இருந்தார்கள். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 ஜனவரி 12-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் ஏழரைக் கோடி வீதம், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்தவர் 1 கோடி. தங்கள் சொந்தப் பணத்தில் இருந்து. பாதுகாப்பு ஆலோசனையோடு தொடர்புபட்ட வேலைக்குப் போக நினைக்கிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். தகவல் வந்தது, நான் மேலே அனுப்பினேன், என் கடமை முடிந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வியாக இருந்தது. கொழும்பு 70,000 அளவில் கணக்குச் சொன்னது. முல்லைத்தீவு மாவட்டச் செயலக அதிகாரிகள் கிராம சேவையாளர் பதிவுகளை வைத்து மூன்று லட்சத்துக்கு மேல் என்று எழுதி அனுப்பினார்கள். அந்த எண்ணை மேலிடம் ஏற்கவில்லை. சாப்பாடும் மருந்தும் எவ்வளவு அனுப்புவது என்று முடிவாவது இந்தக் கணக்கை வைத்துத்தான். மே மாதம் எல்லாம் முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது முகாம்களில் ஏறக்குறைய 290,000 பேர் இருந்தார்கள். சறத்துக்குள் பதிவுப் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த ஒரு கிராம சேவையாளரிடம் இருந்த கணக்கு, செய்மதிப் படம் வைத்திருந்தவர்களின் கணக்கைவிடச் சரியாக இருந்தது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்தவன் என்ற வகையில் அந்த அதிகாரிகளை நினைத்து எனக்குப் பெருமை. அதே நேரம், அந்த எண் போக வேண்டிய அறையில் அதை எடுத்துப் பேச ஒருவர்கூட இல்லையே என்ற வேதனை இன்றைக்கும் குறையவில்லை.

அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பது வெளிப்படையான வரலாறு. போர்க் காலத்தில் இரு நாடுகளும் மூவர் மூவராகத் தொடர்பு வைத்திருந்தன. இந்தியப் பக்கம் பாதுகாப்பு ஆலோசகர் நாராயணன், வெளியுறவுச் செயலாளர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். இலங்கைப் பக்கம் ஜனாதிபதியின் தம்பி பசில் ராஜபக்ஷ, இன்னொரு தம்பியும் பாதுகாப்புச் செயலாளருமான கோத்தாபய ராஜபக்ஷ, ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்க. ஆறு பேரும் தொலைபேசியில் பேசிக்கொண்டால் பெரிய விஷயங்கள் தீர்மானமாகிவிடும். வன்னிக் காட்டுக்குள் சனம் என்ன நிலையில் இருக்கிறது என்று நேரில் அறிந்தவர் அந்த ஆறு பேருக்கு அருகில் யாரும் இல்லை.

அரசாங்கத்தை மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ஐ.நா. அலுவலர்கள் 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். போக வேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடிய சனத்தை நம்மவர்கள் மறக்கவில்லை. சார்ள்ஸ் பெற்றி தலைமையில் ஐ.நா. தனக்குள்ளேயே நடத்திய விசாரணையின் அறிக்கை 2012 நவம்பரில் வந்தது. இறந்தவர்கள், காயப்பட்டவர்கள் பற்றிய கணக்கை அவர்கள் சேகரித்து வைத்திருந்தும் உரியபடி வெளியே வைக்கவில்லை என்று அதில் இருக்கிறது. நல்ல சம்பளம், நல்ல படிப்பு, உலக அனுபவம் எல்லாம் உள்ளவர்கள். மேலே இருப்பவர் முகம் சுளிப்பார் என்று ஒரு எண்ணை மடித்து வைத்தார்கள். நீ இந்த வேலைக்கு வந்தால் இப்படியான நாள் ஒன்று உனக்கும் வரும். அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்பதை இப்போதிருந்தே யோசி.

இனிப் படிப்பு. கலைப்பிரிவு என்று யோசிக்காதே, இந்தத் துறைக்கு அது நல்ல வாசல். அரசியல் விஞ்ஞானம், வரலாறு, புவியியல், பொருளியல் எதுவும் உதவும். பட்டப்படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021-ல் தனியாக வந்துவிட்டது, ஆனால் அங்கே இந்தப் பாடங்களுக்கான கலைப்பீடம் இல்லை. இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் சிவில் மாணவர்களையும் எடுக்கிறார்கள். காசு அதிகம், ஆங்கில மொழிமூலம். அதைவிட நல்ல வழி, ஒரு சாதாரண அரச பல்கலைக்கழகப் பட்டத்தோடு பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையத்தில் ஒரு டிப்ளோமா செய்வது. சட்டம் படிக்கக் கிடைத்தால் விடாதே. 1947 பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம், 1955 அரச இரகசியங்கள் சட்டம் மூன்றையும் வாசித்து விளங்காதவர் இந்த நாட்டில் பாதுகாப்பைப் பற்றி ஆலோசனை சொல்லத் தகுதியில்லாதவர் என்பது என் கருத்து. 1979 சட்டம் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்டு 1982-ல் நிரந்தரமானது. அதை நாம் வாழ்க்கையில் அனுபவித்திருக்கிறோம். ஆனால் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று எழுத்தில் காட்டத் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு.

பட்டம் எடுத்தபின் இரண்டு திறந்த போட்டிப் பரீட்சைகளைக் குறிவை. இலங்கை வெளிநாட்டுச் சேவை ஒன்று, நிர்வாக சேவை மற்றது. வயதெல்லை உண்டு, வர்த்தமானியைப் பார்த்துக்கொள். பட்டம் முடித்துச் சில வருடம் சும்மா இருந்தால் வாசல் மூடிவிடும். இரண்டையும் தமிழில் எழுதலாம். என்னைக் கேட்டால் வெளிநாட்டுச் சேவைதான் உனக்கு முதல் தெரிவு. மற்ற நாடுகள் எப்படி யோசிக்கின்றன என்று உள்ளே இருந்து பார்க்கிற வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். நிர்வாக சேவையில் சேர்ந்தால் பிரதேச செயலகத்தில் தொடங்குவாய், காணி, வெள்ளம், மீள்குடியேற்றம் எல்லாம் கையால் தொட்டுப் பழகுவாய். அதுவும் பெரிய படிப்பு.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். சிங்களம் பேசினால் போதாது, சிங்களத்தில் ஒரு குறிப்பு எழுதத் தெரிய வேண்டும். உள் விவாதங்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் நடக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வழியாக யாரும் யாருடைய நம்பிக்கையையும் பெற்றதில்லை. ஆங்கிலம் உலகத்தின் ஆவணங்களை வாசிக்க. தமிழ் உன்னுடைய பலம். வடக்குக் கிழக்குக் கரையில், மலையகத்தில், தமிழ்நாட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நேரடியாக விளங்கக்கூடியவர்கள் அந்த அலுவலகங்களில் மிகக் குறைவு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வன்னிப் பிள்ளையை எடுப்பார்களா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திராது. சுதந்திர இலங்கையில் இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு, 1955-ல். 1960 தொடங்கிப் பத்து வருடம் கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். 1982 முதல் 1985 வரை பொலிஸ் மா அதிபர் ருத்ரா ராஜசிங்கம். 1956 தனிச் சிங்களச் சட்டமும், 1962 இராணுவச் சதி முயற்சிக்குப் பிறகு வந்த சந்தேகமும், 1983 இனக் கலவரமும், பிறகு வந்த போரும் சேர்ந்து அந்த வாசலை மூடின. இன்றைக்குப் பாதுகாப்பு அமைச்சு சம்பந்தப்பட்ட பதவிக்குப் போனால் உன் பின்னணியைத் தேடுவார்கள். வன்னியில் போர்க் காலத்தில் இருந்த எந்தக் குடும்பத்தில்தான் விசாரிக்க ஒன்றும் இருக்காது? ஒரு மாமா, ஒரு பெரியப்பா, ஒரு புனர்வாழ்வுச் சான்றிதழ் என்று ஏதாவது இருக்கும். எதையும் மறைக்காதே, கேட்டால் உள்ளதைச் சொல். மறைத்தது பிறகு தெரிய வந்தால் அதுதான் உன்னை முடிக்கும். இது நியாயமா என்றால், இல்லை. தெற்கில் 1971-லும் 1987 முதல் 1989 வரையும் ஆயுதம் எடுத்த ஜே.வி.பி. இயக்கம் இன்று நாட்டை ஆள்கிறது. அந்த மன்னிப்பு வன்னிக்கும் வர வேண்டும் என்று நீ வாதாட உரிமை உண்டு.

அடுத்த பக்கத்தில் நம் ஊரும் உன்னைக் கேள்வி கேட்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் இருந்து போராடத் தொடங்கியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாத அரசுக்கு நீ ஆலோசனை சொல்லப் போகிறாயா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் உன்னைப் போ என்று சொல்வது, அந்தத் தாய்மாரின் கேள்வியை அந்த அறைக்குள் மறக்காமல் எடுத்துப் போகிற ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான். அதை எடுத்துப் போக மனமில்லாமல் போனால் போகாமல் இருப்பதே நல்லது. அரசுக்கு வெளியிலும் இதே அறிவு தேவைப்படுகிறது. பாராளுமன்ற மேற்பார்வைக் குழுக்களுக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, கொழும்பில் உள்ள ஆய்வு நிறுவனங்களுக்கு, பத்திரிகைகளுக்கு எல்லாம் பாதுகாப்புச் செலவை வாசித்து விளங்கக்கூடிய தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும்.

இப்போதே என்ன செய்யலாம்? உன்னைச் சுற்றி இருப்பதெல்லாம் இந்தப் பாடம்தான். 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் படகில் வந்து ஒதுங்கினார்கள். முதலில் உணவு கொடுக்க ஓடியவர்கள் நம் மீனவர்கள். அவர்களை அகதிகளாக ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்பது கொழும்பில் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. வன்னி மண்ணில் முழங்காலில் இருந்து வெடி தேடி எடுக்கிறவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். இந்திய இழுவைப் படகுகள் கரையை அண்டி வருவது, 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள், 2017-ல் இழுவை மீன்பிடியைத் தடைசெய்த சட்டம், இவை எல்லாம் பாதுகாப்பு, வெளிவிவகாரம், வயிற்றுப்பாடு மூன்றும் சந்திக்கிற இடம். இதையெல்லாம் கொழும்பில் ஒரு அதிகாரி அறிக்கையில் படிப்பார். நீ மாமாவின் வாடியில் போய்க் கேட்கலாம்.

ஒரு வேலை தருகிறேன். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு ஒரு அறிவித்தல் செய்தது: அனுமதிக்கப்பட்ட இராணுவ ஆளணி 200,783, அதை 2024-க்குள் 135,000 ஆகவும் 2030-க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்போம் என்று. ஆட்கள் குறைந்தால் முல்லைத்தீவு மாவட்டத்தில் முகாம்கள் இருக்கும் காணிகளுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுது. கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31-ல் விமானப்படை முகாமுக்கு முன்னால் இருந்து மார்ச் 1-ல் காணியைத் திரும்பப் பெற்ற கதையை அங்கே உள்ளவர்களிடமே கேள். காணிக் கணக்குக்கு 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடு. 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல், மேன்முறையீடு செய்யலாம்.

மூன்று தெரிவுகள் எழுது, ஒவ்வொன்றுக்கும் யார் எதிர்ப்பார்கள், ஏன் என்று எழுது. ஆமிக்காரர் ஒருவர் வாசித்தாலும் தன் பக்க நியாயம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். முகாமுக்குள் காணி உள்ள ஒரு அம்மா வாசித்தாலும் அப்படியே. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது யாரிடம் இருந்து, எந்தத் திகதியில் வந்தது என்று குறித்து வை. எழுதி முடித்தால் அனுப்பு பிள்ளை, சிவப்புப் பேனையோடு இருந்து வாசிக்கிறேன்.